போயிட்டு வரேன், தம்பி

மூடிய கதவை நாய் நகத்தால் பிறாண்டும் சத்தத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் நாலைந்து தடவை வேகமாகப் பிறாண்டும், பிறகு ஒரு நிறுத்தம், அந்த நிறுத்தத்தில் கதவுக்கு அடியிலிருக்கும் இடுக்கில் மூக்கை வைத்து நீளமாக ஒரு மூச்சு இழுக்கும், அந்த மூச்சில் தேடியது கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் மறுபடியும் பிறாண்டத் தொடங்கும். சென்னையில் நான் இப்போது குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில், பக்கத்து ஃபிளாட்டுப் பெண் காலை ஒன்பது மணிக்கு ஆபீசுக்குக் கிளம்பிப் போன ஐந்தாவது நிமிஷம் இந்தச் சத்தம் சுவர் வழியாக எனக்குக் கேட்க ஆரம்பித்துவிடும். கையிலிருக்கிற காப்பி ஆறிப்போய் ஆடை கட்டும்வரை நான் அப்படியே நின்றுகொண்டிருப்பேன். எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது எங்கள் வீட்டுப் பத்தாய அறைக் கதவில் கேட்ட அதே சத்தம் அது, நாய்தான் வேறு.

எங்கள் ஊர் தஞ்சாவூர் ஜில்லாவில் குத்தாலத்துக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டி ஒரே தெருவாக நீண்டு கிடக்கும் ஊர். அந்த ஒரு தெருவில் அப்போது மூன்று மணிகளும் இரண்டு ஜிம்மிகளும் இருந்தன, ஒரு வீட்டில் ‘மணி’ என்று கூப்பிட்டால் மூன்று வீட்டு நாய்கள் சோற்றுக்கு வந்து நிற்கும். அதனால்தானோ என்னவோ, ஒரு மழைநாளில் மதகுச் சுவரின் மேல் நடுங்கிக்கொண்டிருந்த செவலைக் குட்டியைத் தலைத்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்த அப்பா, ஒற்றைப் பிள்ளையான என் மடியில் அதை இறக்கிவிட்டு, “பாப்பாவுக்கு ஒரு தம்பி” என்றார். அந்தப் பெயரே நின்றுவிட்டது. அம்மா, “ஊர்ல சிரிக்கப் போறாங்க” என்றாள், ஊரும் சிரித்தது. பக்கத்து வீட்டில் இருந்த பெரியம்மா, அதாவது அப்பாவுக்கு அண்ணி, வேலிக்கு மேலே தலையை நீட்டி, “ஏண்டி, ஒன் தம்பி எங்க வீட்டு மீன் சட்டிய நக்கிட்டுப் போயிருக்கான், வந்து கழுவிக் குடு” என்று என்னைக் கூப்பிடுவது வாரத்துக்கு இரண்டு நாளாவது நடக்கும்.

தம்பி என்னைவிட அப்பாவுக்குத்தான் சொந்தம். விடியற்காலையில் அப்பா வயலுக்குத் தண்ணீர் கட்டக் கிளம்புவார். சுவரில் சாத்தியிருக்கும் மண்வெட்டியை அவர் எடுக்கும்போது அதன் இலைத் தகடு தரையில் உரசி ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்கு எங்கே படுத்திருந்தாலும் தம்பி எழுந்து வந்துவிடுவான். வந்ததும் உடம்பை நீட்டி முறித்து, இரண்டு காதுகளையும் ‘படபட’வென்று உதறிவிட்டு முன்னால் ஓடுவான். வரப்பில் அவன் முன்னே, அப்பா பின்னே. மடையைத் திறந்துவிட்டு அப்பா உட்கார்ந்து பீடி குடித்து முடிக்கும்வரை அவனும் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்தக் காது உதறல்தான் பிற்பாடு வினையாகப் போகிறது என்று அப்போது எங்களில் யாருக்குத் தெரியும்.

தொடர்ந்து இரண்டு வருஷம் மேட்டூர் நேரத்துக்குத் திறக்கவில்லை. குறுவை போயிற்று, இருந்த சம்பாவும் கதிர் வரும் சமயத்தில் காய்ந்தது. தெருவில் வீட்டுக்கு ஒருவராகச் சிங்கப்பூருக்கும் சவுதிக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது, அப்பாவும் ஓர் ஏஜெண்டைப் பிடித்துக் குவைத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டார். வைகாசியில் ஒரு நல்ல நாள் பார்த்து, எதிரே சுமங்கலி வருகிறமாதிரி பெரியம்மாவைத் தண்ணீர்க் குடத்துடன் தெருமுனையில் நிறுத்திவைத்து, அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கினார். பெட்டியின் அடி படியில் உரசியது. மண்வெட்டிச் சத்தம் என்று நினைத்தானோ என்னவோ, தம்பி எழுந்து வந்து காதைப் படபடவென்று உதறினான். நாய் காது உதறினால் போகிற காரியம் ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எல்லார் முகமும் ஒரு நிமிஷம் செத்துப்போயிற்று. பஸ் நிறுத்தம்வரை கூடவே ஓடிய தம்பி, பஸ் போனபிறகு அங்கேயே புளியமரத்தடியில் படுத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் அப்பா அதே பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கினார். விசாவில் ஏதோ தேதிக் குளறுபடி, பம்பாய்க்குப் போகவே வேண்டாம் என்று சென்னையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். “நாய் அன்னிக்கே சொல்லிருச்சு” என்றார்கள் தெருவில். தம்பிக்கு அந்தப் பழிச்சொல் புரியவில்லை. மூன்று நாள் காத்திருந்தான், போன பஸ்ஸிலேயே ஆள் வந்துவிட்டார், அவனைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

ஆடியில் மறுபடியும் தேதி வந்தது. இந்தத் தடவை பெரியம்மா முன்னாலேயே வந்து சொல்லிவிட்டாள், “அந்த நாய எங்கயாச்சும் அடச்சு வெச்சிருங்க. இன்னொரு தடவ திரும்பி வந்தா குடும்பம் தாங்காது.” யார் கூப்பிட்டால் அவன் சந்தேகப்படாமல் வருவானோ அவள்தான் அடைக்கவேண்டும் என்று முடிவாயிற்று. அடைத்தது நான்தான். ஒரு துண்டு கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நெல் கொட்டி வைக்கும் பெரிய மரப்பெட்டியான பத்தாயம் இருந்த அறைக்குள் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன், கருவாட்டைப் பெட்டிக்குப் பின்னால் எறிந்தேன், அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் வெளியே வந்து நாதாங்கியைப் போட்டேன். அப்பா கிளம்பும்போது யாரும் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது என்பதால் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த அமைதியில் பத்தாய அறைக் கதவு மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அப்பா படியில் ஒரு கணம் நின்றார். திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதால் பார்க்காமலேயே, “போயிட்டு வரேன்” என்று தெருவைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தார்.

பஸ் போன சத்தம் அடங்கியபிறகுதான் கதவைத் திறந்தேன். தம்பி வாசலுக்கு ஓடுவான், தெருவுக்கு ஓடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தெருப்பக்கமே போகவில்லை. கூடத்தில் சுற்றினான், அடுக்களைக்குப் போனான், கட்டிலுக்கு அடியில் நுழைந்து வந்தான், கொல்லைக் கதவு வரை போய் மோந்துவிட்டு மறுபடியும் கூடத்துக்கு வந்தான். மண்வெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு பத்தாய அறை வாசலில், நான் பழையபடி நாதாங்கி போட்டுவிட்ட அந்தக் கதவுக்கு முன்னால் படுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து வீட்டில் நாங்கள் இருக்கும்வரை அவனால் ஒரு தொந்தரவும் இல்லை. நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால்தான் ஆரம்பிக்கும். முன்பெல்லாம் வீடு பூட்டியிருந்தால் தெருவில் திரிகிற நாய், இப்போது பூட்டிய வாசல்கதவை வெளியிலிருந்து பிறாண்டினான். கதவின் அடிப்பக்கம், என் முழங்கால் உயரத்துக்கு, பச்சை பெயிண்ட் உரிந்து மரம் வெளுத்துப்போயிற்று. அம்மா குத்தாலம் தபாலாபீசுக்குப் போய்த் திரும்பும்வரை, நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை, கழுத்தை நீட்டி ஊளையிடுவான். “உள்ள ஆளு இருக்கிற மாதிரியில்ல கூப்புடுது” என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நாய் ஊளையிட்டால் அந்த வீட்டுக்கு ஆகாது, அதுவும் ஆம்பளை கடல் தாண்டிப் போயிருக்கிற வீட்டில் இட்டால் கேட்கவே வேண்டாம். குவைத்திலிருந்து கடிதம் வரப் பதினைந்து நாளாகும், அந்தப் பதினைந்து நாளில் அங்கே என்ன நடந்ததோ என்று அம்மா ஒவ்வொரு ஊளைக்கும் ஒருதரம் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பெரியம்மா வந்து, “சீர்காழிப் பக்கம் உரம் ஏத்திட்டுப் போற வண்டி ஒண்ணு இருக்கு. சாக்குல கட்டிக் குடுத்தா அந்தாண்ட எறக்கிவிட்டுருவாங்க” என்றாள். அம்மா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நான் தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு படுத்துத் தூங்க ஆரம்பித்தேன்.

தீபாவளிக்கு முன்னால், விடுமுறையில் வந்த ஒருவர் மூலமாக அப்பா ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு ‘டூ இன் ஒன்’ கொடுத்தனுப்பியிருந்தார். கூடவே கோடாலித் தைலம், ஒரு நைலக்ஸ் சேலை, அப்புறம் அவர் பேசிய ஒரு கேசட். எழுதுவதைவிடப் பேசி அனுப்புவதுதான் அப்போது வழக்கம், அதை ‘பேச்சுக் கேசட்’ என்போம். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முதலில் காற்றாடிச் சத்தம், யாரோ இருமுவது, பிறகு அப்பா, “இதுல பேசுறது ஒன் புருஷன்தான், பயப்படாத” என்றார். அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். பாப்பா நல்லா படிக்கணும் என்றார், வடக்கு வயல் வரப்பை அண்ணனிடம் சொல்லிக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தவர் நடுவில் குரலை மாற்றி, வரப்பிலிருந்து கூப்பிடுவாரே அந்த மாதிரியே, “தம்பி, வாய்யா, எங்க இருக்க” என்றார். தம்பி பாய்ந்து வந்தான். டேப்பை மோந்தான், ஸ்பீக்கரை நக்கினான், அப்புறம் நேரே ஓடிப்போய்ப் பத்தாய அறைக் கதவில் இரண்டு முன்னங்கால்களையும் ஊன்றி நின்று வாலை ஆட்டினான். நாங்கள் சிரித்தோம் என்பதை இப்போது எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

அந்தச் சிரிப்பில்தான் அம்மாவுக்கு யோசனை பிறந்தது. வெளியே கிளம்பும்போது தம்பியை வீட்டுக்குள் விட்டு, கூடத்து முக்காலியில் கேசட்டை ஓடவிட்டுப் பூட்டிவிட்டால், குரலைக் கேட்டுக்கொண்டு சும்மா கிடக்கும் அல்லவா? ஊளை கேட்டால்தானே ஊர் பேசும். எங்களை அறிவில்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தக் கேசட்டைக் கேட்டால் எங்களுக்கு ஆறுதலாக இருந்தது, எங்களுக்கு இருப்பது அவனுக்கும் இருக்கும் என்று நினைத்தோம்.

இரண்டாவதோ மூன்றாவதோ நாள், பெரிய மழை வரும்போலிருக்கிறது என்று பள்ளிக்கூடத்தை மதியமே விட்டுவிட்டார்கள். தெருவில் ஆள் நடமாட்டமில்லை, வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டை நெருங்கும்போது உள்ளேயிருந்து அப்பா பேசுவது கேட்டது. கேசட் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் தெரிந்தது ஒரு பக்கம் நின்றுவிட்டது, என் கால்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. கதவில் பூட்டுத் தொங்கியது. பூட்டிய வீட்டுக்குள் அப்பா, “நல்லா இருக்கீங்களா எல்லாரும்” என்று கேட்டார். நான் கதவைத் தட்டி, “அப்பா” என்றேன். “தம்பி, வாய்யா, எங்க இருக்க” என்றார் அவர். உள்ளே நகம் மரத்தைக் கிழிக்கும் சத்தம், ஒரு நிறுத்தம், ஒரு மூச்சு, மறுபடியும் நகம். நான் இந்தப் பக்கம் கதவை அடித்துக்கொண்டிருந்தேன், அவன் அந்தப் பக்கம் அறைக் கதவை அடித்துக்கொண்டிருந்தான், எங்கள் இருவருக்கும் நடுவில் அப்பா நிதானமாக வரப்புக் கட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு ‘டக்’கென்று கேசட் நின்றது. அதற்கப்புறம் தம்பி இட்ட ஊளையை நான் இத்தனை வருஷத்தில் வேறு எந்த நாயிடமும் கேட்டதில்லை. மழை இறங்கியது, நான் படியிலேயே உட்கார்ந்து அம்மா வரும்வரை அழுதேன்.

அம்மா வந்து திறந்தபோது பத்தாய அறைக் கதவின் கீழ்ச்சட்டம் கந்தலாகியிருந்தது, தரையெல்லாம் ரத்தத் தடம். தம்பியின் முன்னங்காலில் இரண்டு நகங்கள் பிய்ந்து தொங்கின.

மறுநாள் எங்கள் பசுவுக்குச் சினை ஊசி போடக் கம்பவுண்டர் வந்தார். கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், எதற்கெடுத்தாலும் சிடுசிடுவென்று பேசுகிறவர், வாத்தியார்போல ஒன்றும் சொல்லித்தருகிற ஆள் இல்லை. தம்பியின் காலுக்கு மருந்து வைத்துக்கொண்டே அம்மாவிடம் எல்லாவற்றையும் கேட்டார்.

“அவரு கெளம்பினத இது பாத்துச்சா?”

“இல்லீங்க. சகுனத்தடைன்னு பத்தாய ரூம்ல அடச்சு வெச்சிருந்தோம்.”

“அப்ப இதுக்கு அவரு இன்னும் வீட்டுக்குள்ளதாம்மா இருக்காரு. நீங்கதான் அவர உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போறீங்க. போதாததுக்கு உள்ளேர்ந்து பேச வேற விட்டிருக்கீங்க.” பஞ்சைத் தூக்கி எறிந்தார். “ஊளை, சகுனம், மண்ணாங்கட்டி. இது பயந்துபோய்க் கெடக்கு, அவ்ளோதான். மொதல்ல அந்த ரூமத் தொறந்து காட்டுங்க. கேசட்ட இது காதுபடப் போடாதீங்க. அப்புறம் போறதையும் வர்றதையும் கொஞ்சங் கொஞ்சமா பழக்குங்க. பூட்டிட்டு வாசலோட நின்னு தொறங்க, அடுத்த நாளு நாலு வீடு தள்ளிப் போயிட்டு வாங்க. போறப்பயும் கொஞ்சக்கூடாது, வர்றப்பயும் கொஞ்சக்கூடாது. அவரு வாசம் இருக்கிற துணி ஏதாச்சும் இருந்தா படுக்கப் போடுங்க.”

அறையைத் திறந்தோம். மூலை மூலையாக மோந்துவிட்டு அவன் பத்தாயத்தின் முன்னால் வந்து நின்றான். அந்த வருஷம் நெல் இல்லை, வெறும் பெட்டி. அம்மா அதன் பலகையையும் தூக்கிக் காட்டினாள். தம்பி உள்ளே குதித்து நாலு பக்கமும் மோந்தான், நடுவில் கொஞ்ச நேரம் நின்றான், பிறகு மெதுவாக வெளியே இறங்கி வந்து வாசற்படியில் தெருவைப் பார்த்துப் படுத்தான். இரண்டு நாள் சோறு தொடவில்லை. அப்பா ஆடியில் போனார், தம்பிக்கு ஐப்பசியில்தான் போனார்.

துணிக்குத்தான் தகராறு. அப்பாவின் துணிகளையெல்லாம் எப்போதோ துவைத்து மடித்தாயிற்று, “வாசம் ஒண்ணுலயும் இல்ல” என்று அம்மா அடித்துச் சொன்னாள். ஆனால் அவர் கிளம்புகிற அன்று காலை முகம் துடைத்த காசித்துண்டு, துவைக்காமல், அம்மாவின் தலையணை உறைக்குள் இருந்தது எனக்குத் தெரியும். நான் தெரியும் என்று சொல்லவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். இரண்டாம் நாள் சாயங்காலம் அவளே அதை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒருதரம் முகத்தில் வைத்துக்கொண்டாள், பிறகு குனிந்து வாசலோரம் விரித்தாள். தம்பி அதில் மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்து, மூக்கை அதன் மடிப்புக்குள் புதைத்துக்கொண்டான். “நாய்க்குக் குடுத்துட்டேன், அந்த மனுசங்கிட்ட சொல்லிராத” என்றாள் அம்மா.

மார்கழி லீவு முழுக்க எனக்கு இதே வேலை. பூட்டிவிட்டுப் பத்து எண்ணித் திறப்பேன். அடுத்து அடிபம்பு வரை, பிறகு பிள்ளையார் கோயில் வரை, பிறகு மதகு வரை, கடைசியில் பஸ் நிறுத்தம் வரை. பேசாமல் போகவேண்டும் என்று கம்பவுண்டர் சொன்னதை மட்டும் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லாம கெளம்பக்கூடாது, அது நாயா இருந்தாலும்” என்றாள். அதனால் கொஞ்சாமல், குரலை ஏற்றாமல் இறக்காமல், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி, “போயிட்டு வரேன், தம்பி” என்று சொல்லிவிட்டுப் போவேன். முதல் வாரம் நான் அடிபம்புவரை போவதற்குள்ளேயே கத்தினான். இரண்டாம் வாரம் கதவுக்குள் நின்றுகொண்டு முனகினான். பொங்கலுக்குள், அந்தச் சொல்லைக் கேட்டதும் வாலை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, துண்டின்மேல் போய்த் தலையைக் கீழே வைத்துக்கொள்ளப் பழகிவிட்டான். போகிறவர்கள் வருவார்கள் என்று அவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அதைக் கொடுத்தவள் நான் என்று எனக்கு ஒரே பெருமை, பார்த்தவர்களிடமெல்லாம் செய்து காட்டினேன். ஊளை நின்றதும் ஊர்ப்பேச்சும் நின்றது, பெரியம்மாகூட, “மனுசனுக்கு வராத அடக்கம்” என்றாள்.

ஒன்றரை வருஷம் இப்படியே போயிற்று. அப்பாவின் கேசட்டுகளை ரேடியோப் பெட்டியில் காதை ஒட்டிவைத்துச் சின்னச் சத்தத்தில் கேட்டுக்கொள்வோம். அவற்றில் ஒன்றில், பாப்பாவைத் தஞ்சாவூரில் நல்ல இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும், நிலத்தை அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும், அங்கே ஒரு வீடு பிடித்துக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருந்தார். வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் போட்ட முதல் நிபந்தனை நாய் கூடாது என்பது. பெரியம்மா, “ஒரு கைச் சோறு போடுறதுக்கு என்ன, நான் பாத்துக்கறேன்” என்றாள். எனக்குக் கோபமும் அழுகையும் வந்தன, வந்து என்ன, பத்து வயதுப் பெண்ணின் கோபத்துக்கு வாடகை வீட்டில் என்ன மதிப்பு?

வைகாசியில் சாமான் ஏற்றிய வேன் வாசலில் நின்றது. பெரியம்மா பழக்கதோஷத்தில் நாயை அடைக்கட்டுமா என்று கேட்டாள். அம்மா, “வேணாங்கா. இந்தத் தடவ அது பாக்கட்டும்” என்றாள். அவள் நல்ல மனத்தோடுதான் சொன்னாள். பார்த்தால் புரிந்துகொள்வான், தேடமாட்டான் என்று நானும் நம்பினேன். வீட்டைப் பூட்டினோம். தம்பி பூட்டுக்கு வெளியே, படிக்கு மேலே, துண்டின்மேல் நின்றுகொண்டிருந்தான். ‘போறேன்’ என்று மட்டும் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை நான். அதனால் பழகிய குரலில், ஏற்றாமல் இறக்காமல், “போயிட்டு வரேன், தம்பி” என்றேன்.

அவன் வாலை இரண்டு தட்டுத் தட்டினான். படுத்தான். தலையைக் கீழே வைத்துக்கொண்டான்.

வேனுக்குப் பின்னால் ஓடவில்லை, குரைக்கவில்லை, காதைக்கூட உதறவில்லை. எல்லாரும் அவனைப் பாராட்டிக்கொண்டே கையசைத்தார்கள். மதகைத் தாண்டும்போதுதான் நான் செய்த காரியம் என்னவென்று எனக்கு உறைத்தது. நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கலாம். கத்தவில்லை.

விடுமுறைக்கு வருவோம் என்றுதான் போனோம். புதுப் பள்ளிக்கூடம், எனக்கு டைபாய்டு, அம்மாவுக்கு இடுப்புவலி என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயிற்று. மார்கழியில் போனபோது படி காலியாக இருந்தது. எங்களைப் பார்த்ததும் பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒரு சத்தம் இல்லடி. படிய விட்டு எறங்கவே இல்ல. சோறு வெச்சா திங்கும், பஸ்ஸு வந்தா தலையத் தூக்கிப் பாக்கும், மறுபடி படுத்துக்கும். கார்த்திகை மழ நாலு நாளு விடாம அடிச்சுது. வாடா உள்ளன்னு எத்தன தடவ கூப்பிட்டேன். பெரியப்பா தூக்கிட்டு வந்து மாட்டுக் கொட்டாயில கட்டினாரு, கயித்தக் கடிச்சிட்டு அங்கயே போய்ப் படுத்துக்கிச்சு. சாக்கத்தான் மேல போட்டுட்டு வந்தேன். விடிஞ்சு பாத்தா...” என்றாள். நாயைச் சாக்கில் கட்டி அனுப்பச் சொன்னவள் அவள்தான். அவள் அழுதது பொய்யில்லை. எனக்கு அழுகை வரவில்லை. பூட்டியிருந்த எங்கள் வீட்டுக் கதவில் என் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்ட அந்தப் பழைய நகக்கீறல்களை எண்ணிக்கொண்டு நின்றேன், புதிதாக ஒன்றுகூட இல்லை.

கடல் தாண்டி இருப்பவருக்குச் சாவுச் செய்தி எழுதுவதில்லை என்பது எங்கள் பக்கத்து மரியாதை. மனிதர்கள் செத்தாலே எழுதமாட்டார்கள். ஆகவே எங்கள் கடிதங்களில் தம்பி இன்னும் ஒன்றரை வருஷம் உயிரோடு இருந்தான். ‘தம்பி நலம்’ என்று கடைசி வரியில் எழுதுகிற வேலை என்னுடையது. அப்பாவும் கேசட்டில் அவனை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

குவைத்துக்குப் போய் நான்கு வருஷம் கழித்து வந்த அப்பா, தஞ்சாவூர் வீட்டுக் கூடத்தில் பெட்டியைப் பிரித்து, எங்களுக்கானவற்றை எடுத்து வைத்துவிட்டு, அடியிலிருந்து பித்தளைக் கொக்கி போட்ட ஒரு கழுத்துப் பட்டையை எடுத்தார். “நாளைக்கு ஊருக்குப் போறப்ப தம்பிக்கு மாட்டணும்” என்றார். அப்போதுதான் அம்மா நடந்ததைச் சொன்னாள். அவர் பட்டையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

“கத்துச்சா?”

“இல்லீங்க. கத்தவே இல்ல.”

“கத்தாம இருந்தானா,” என்று தலையை ஆட்டினார். “நல்ல பய.”

நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

இப்போது அந்த ஊரில் எங்கள் வீடு இல்லை. நிலத்தோடு சேர்த்து விற்றபோது பழைய மரம் வாங்குகிறவர்கள் கதவு நிலையையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போனார்கள், இழைத்துப் பாலிஷ் போட்டு யாருடைய வாசலிலோ நிறுத்தியிருப்பார்கள். பத்தாயத்தைப் பலகையாகப் பிரித்து விற்றோம். கேசட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட்டது, ஓடவிட்டால் அப்பாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இழுத்து இழுத்து வருகிறது, அப்பாவும் இல்லை.

பக்கத்து ஃபிளாட்டுப் பெண்ணிடம் போய்ப் பேசுவதற்கு எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அவள் வீட்டில் ஒரு கேமரா வைத்திருக்கிறாள், லிப்டில் இறங்கியதுமே ஆரம்பித்து, ஆபீசில் இருந்துகொண்டும் போன் வழியாக நாயிடம், “செல்லம், அம்மா இங்கதான் இருக்கேன்” என்று பேசுகிறாள், பேச்சு நின்றதும்தான் அது கதவைப் பிறாண்டுகிறது. அதை நிறுத்தச் சொன்னேன். அப்புறம் கம்பவுண்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன்: பூட்டி உடனே திறப்பது, லிப்ட் வரை, கேட் வரை, போட்டுக் கழற்றிய துணி ஒன்று, ஒரே குரலில் ஒரே சொல். மூன்று வாரத்தில் சத்தம் பாதியாகக் குறைந்தது.

நேற்று படிக்கட்டில் பார்த்து, “சூப்பர் ஆன்ட்டி, இப்ப சொன்னதும் போய்ப் படுத்துக்கறான். இன்னும் ஆறு மாசம் சமாளிச்சாப் போதும். எங்களுக்குக் கனடா விசா வந்துருச்சு. இவன மன்னார்குடில மாமா வீட்ல விட்டுட்டுப் போறோம்” என்றாள். பிறகு, “நீங்க வளத்த நாய்க்கும் இதே மாதிரிதான் சரியாச்சா?” என்று கேட்டாள்.

“சரியாயிடுச்சும்மா,” என்றேன்.

இன்று காலை ஒன்பது மணிக்கு அவள் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. “போயிட்டு வரேன்டா” என்று, ஏற்றாமல் இறக்காமல், நான் பழக்கியபடியே சொன்னாள். லிப்ட் இறங்கியது. ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.